ஏழாவது படிக்கு மேல் ஒரு கருப்புக் கட்டம்

பாப்பா எதிர்த்து நின்று ஜெயித்தவை என்று அண்ணனின் நீல அட்டை நோட்டில் ஒன்பது விஷயங்கள் இருக்கின்றன. பொன்னுக்குவீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிக் கிடந்த வாரத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறியது. ஏழு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் இயக்கும் வேலைக்கு இருபத்தாறு பேர் வந்திருக்க, அதில் ஒரே பெண்ணாக நின்று, "இரும்புக் கதவை இழுக்கக் கையில பலம் இருக்குமா?" என்று கேட்ட அதிகாரிக்கு அவருடைய அறைக் கதவையே இழுத்துச் சாத்திக் காட்டி வேலையை வாங்கியது. வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியில் தொடர்ந்து பதினோரு வாரம் முதல் பரிசு. பன்னிரண்டாவது வாரம், 'தயவுசெய்து இனி நீங்கள் கலந்துகொள்ள வேண்டாம், மற்ற வாசகர்கள் வருத்தப்படுகிறார்கள்' என்று பத்திரிகையிலிருந்து ஒரு கடிதம். அந்தக் கடிதத்தையும் அண்ணன் பரிசுக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார். அதன் பிறகு அதே பத்திரிகைக்கு ஒன்பது வருடம் புதிர் அமைத்துக் கொடுத்தது, காய்ச்சல் வந்த வாரம்கூடத் தவறாமல். இப்படிப் போகிறது. கடைசி வரியில் 'தன் பெயர்' என்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஒன்பதில் ஒன்று அண்ணன் தானாகச் சேர்த்துக்கொண்டது: 'நல்ல அண்ணன் அமைந்தது.' அண்ணி அதைப் பார்த்துவிட்டு, கோடு போட்டு அடித்துவிடவில்லை. பக்கத்தில் பென்சிலால், 'எதிர்த்து ஜெயித்தவை என்ற தலைப்பில் இது சரியாகத்தான் இருக்கிறது' என்று எழுதி வைத்திருக்கிறார்.

இதை எழுதுகிறவரும் அந்த அண்ணன்தான். 'நான்' என்று ஆரம்பித்தால் அவர் ஓரமாக நிற்க மாட்டார், நடுவில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் கதை முடியும்வரை அவர் அண்ணன் என்றே வருவார். 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வதை மட்டும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் சொல்வதில்லை.

அண்ணன் டைல்ஸ் பதிக்கிற வேலைக்காரர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் மட்டப் பலகையும் நூலும் கையில் இருந்தால் எந்தத் தரையும் அவரிடம் பொய் சொல்ல முடியாது. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடுவதற்கு முன் குனிந்து தரையைப் பார்ப்பார். "மூணாவது வரிசை சாய்ஞ்சிருக்கு" என்பார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வராது. அண்ணி இப்படி இழந்த வீடுகள் மொத்தம் நான்கு.

பாப்பாவுக்கு இந்தக் கதை நடந்தபோது முப்பத்தெட்டு வயது. வீட்டில் கடைசியாகப் பிறந்தவளுக்கு ஒட்டிய பெயர், பல் விழுந்தாலும் விழாது. அண்ணன் வீட்டின் பின்னறையில்தான் அவள் இருந்தாள். ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோடு சாய்த்து வைத்த மூன்று அகராதிகள். அவற்றில் ஒன்றுக்கு முதல் நாற்பது பக்கம் கிடையாது. "முதல் எழுத்துல ஆரம்பிக்கிற வார்த்தையெல்லாம் எனக்கு மனப்பாடம்ணே, அந்தப் பக்கம் தேவையில்ல" என்பாள்.

புதிர் அமைப்பதை அவள் மேசையில் செய்தாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. லிஃப்டுக்குள்தான் செய்தாள். அது பழைய லிஃப்ட். மடக்கு இரும்புக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு முக்காலி. முக்காலியில் உட்கார்ந்து முழங்காலில் அட்டையை வைத்துக்கொள்வாள். ஆள் ஏறினால் பென்சிலைக் காதில் செருகிக் கைப்பிடியைத் திருப்புவாள். தரைத்தளத்திலிருந்து ஏழாவது மாடிக்கு ஐம்பத்திரண்டு விநாடி. அண்ணன் ஒருநாள் கடிகாரத்தோடு போய் அளந்து வந்தார்.

அந்த ஐம்பத்திரண்டு விநாடிதான் பாப்பாவின் உரைகல். புதிதாக எழுதிய குறிப்பை ஏறுகிறவரிடம் சொல்வாள். மூன்றாவது மாடிக்குள் விடை சொல்லிவிட்டால் குறிப்பு சப்பை, கிழித்துவிடுவாள். ஏழாவது மாடியில் இறங்கிப் போய், மறுபடி கீழே வரும்போதும் தெரியவில்லை என்றால் குறிப்பு திமிர் பிடித்தது, அதையும் கிழித்துவிடுவாள். மேலே போகும்போது தெரியாமல் இருந்து, இறங்கி வருகையில் பளிச்சென்று தோன்ற வேண்டும். அதுதான் பத்திரிகைக்குப் போகும்.

ஏழாவது மாடி மேலாளர் இதற்கெனவே சற்று முன்னதாக வருவார்.

"என்னம்மா இன்னிக்கு?"

"இருக்கிறப்ப யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, போயிட்டா வீடே கூச்சல் போடும். அஞ்சு எழுத்து சார்."

"என் மாமனாரா?"

"அவரு நாலு எழுத்து சார்."

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கீழே வரும்போது, நான்காவது மாடி தாண்டுகையில் விளக்கு ஒரு தடவை மினுக்கியது. மேலாளர் நெற்றியில் தட்டிக்கொண்டு, "மின்சாரம்" என்றார். பாப்பா காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு டிக் போட்டாள்.

அவளுடைய புதிர்கள் ஒவ்வொன்றும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. ஒரு வாரம் பூட்டுகிற பொருள்கள், ஒரு வாரம் மருத்துவமனை, ஒரு வாரம் தூக்கம். சுற்றிலும் இருக்கிற சின்ன வார்த்தைகளும் அந்த விஷயத்துக்குச் சொந்தமாகவோ, தூரத்து உறவாகவோ இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு பத்திரிகைகளின் புதிர்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து அண்ணனும் தங்கையும் அலசுவார்கள்.

"மழைன்னு தலைப்பு போட்டிருக்காரு. குடை இருக்கு, மேகம் இருக்கு, தவளை இருக்கு. சரி. முதலை எதுக்கு வந்துச்சு? மூலையில மூணு கட்டம் மிஞ்சியிருக்கு, முதலையை உள்ள விட்டுட்டாரு" என்பாள் பாப்பா.

"அதுவும் இல்லாம கோடு நேரா இல்ல. வலது பக்கம் அரை மில்லி ஏறியிருக்கு" என்பார் அண்ணன். அவருடைய விமர்சனம் எப்போதும் அவ்வளவுதான். அதை ஸ்கேலோடு செய்வார்.

துணி மடித்துக்கொண்டே அந்தப் பக்கம் போகிற அண்ணி, "ஊர்ல உங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் நல்லா செஞ்சிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். போகிற போக்கில் மூன்று விடைகளைச் சொல்லிவிட்டும் போவார். தனக்கு இதிலெல்லாம் ஆர்வமே இல்லை என்று அவர் சொல்லிக்கொள்வார்.

ஒன்பது வருடத்தில் அண்ணன் தன் தங்கையின் புதிர் எதையும் முழுதாக முடித்ததில்லை. அதிகபட்சம் நான்கு விடை. அதிலும் ஒன்று அண்ணி சொன்னது. ஆனாலும் இந்தத் தொழிலில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். நம்புவதற்குக் காரணம் இருந்தது. பாப்பாவின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அவள் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் கிறுக்கித் தருவதை, அண்ணன்தான் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கருப்பு மையால் நிரப்பி, எண் எழுதி நல்ல படி எடுப்பார். அதைப் பத்திரிகை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான்.

ஆரம்பத்தில் ஒருநாள் பாப்பா அவருக்கு ஒரு விதியைச் சொன்னாள். புதிரின் தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கருப்புக் கட்டங்கள் அதே இடங்களில் இருக்க வேண்டும். மேலே இடது மூலையில் ஒன்று இருந்தால் கீழே வலது மூலையில் ஒன்று இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு அன்று தூக்கம் பிடிக்காத சந்தோஷம். "இது எங்க வேலைதானே. அறைக்கு நடு பாத்து நூல் கட்டி ஆரம்பிச்சா ரெண்டு சுவர்கிட்டயும் வெட்டுத் துண்டு ஒரே அளவா வரும். இத்தனை நாளா நீ டைல்ஸ்தான் போட்டுட்டு இருந்திருக்க, எனக்குத்தான் தெரியல" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு புதிரையும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நானூற்றுச் சொச்சம் புதிர்களில் நான்கு தடவை பிழை கண்டுபிடித்தார். நான்கும் உண்மையான பிழைகள். நான்கு தடவையும் பாப்பா, "நல்லவேளை நீ பாத்த" என்றாள். அந்த நான்கு பாராட்டுகளும் சேர்ந்துதான் ஐந்தாவது தடவை அவரைக் குழியில் தள்ளின.

இனி பெயர் விஷயத்துக்கு வரலாம். ஒன்பது வருடமாக அந்தப் புதிர்களுக்கு மேலே 'பேராசிரியர் வழங்கும் குறுக்கெழுத்து' என்றுதான் அச்சாகி வந்தது. உண்மையில் ஒரு பேராசிரியர் அந்தப் பகுதியைத் தொடங்கி இரண்டு வருடம் நடத்தினார், பிறகு பிள்ளைகளோடு வேறு எங்கோ போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் பாப்பாவைப் பிடித்தார்கள். பக்கத்துக்குப் பொறுப்பான உதவி ஆசிரியருக்கு 'கத்தரி' என்று பெயர். யார் எழுதிக் கொடுத்தாலும் நான்கு வரி வெட்டுவார் என்பதால் வந்தது. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "பேரு அப்படியே இருக்கட்டும்மா. வாசகருக்குப் பழகிப்போச்சு. லிஃப்ட்ல இருக்கிறவங்க போட்டதுன்னு தெரிஞ்சா, சுலபமா இருக்கும்னு நெனச்சு ஒருத்தனும் தொட மாட்டான்."

வாசகர் கடிதங்கள் 'மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு' என்று வரும். அண்ணன் அவற்றை வீட்டில் உரக்கப் படிப்பார். "ஐயா, இந்த வாரம் தங்கள் புலமை கண்டு வியந்தோம்." பாப்பா சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு முன்பெல்லாம் கடிதம் முடியும்வரை இருக்கும். ஒன்பதாவது வருடத்தில் 'ஐயா' என்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. மில்லிமீட்டர் பார்க்கிற அண்ணனின் கண்ணுக்கு அது தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்தது.

"அவளுக்குப் பேரு வேணும்" என்றார் அண்ணி.

"பாப்பான்னு இருக்கே."

"உங்ககிட்ட சொன்னேன் பாருங்க."

அந்த வருடம் பத்திரிகையின் வெள்ளிவிழாச் சிறப்பிதழ் வரவிருந்தது. பாப்பா தானே கத்தரியிடம் போய்க் கேட்டாள். கத்தரி மேசையில் கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: "சிறப்பிதழுக்குப் பெரிய புதிரா ஒண்ணு குடுங்க. அது இன்னும் பேராசிரியர் பேர்லதான் வரும். ஒரு புகார்கூட வரலைன்னா, அடுத்த வாரத்துல இருந்து உங்க பேரு. ஒண்ணு வந்தாலும் பேச்சே கிடையாது."

பாப்பா அந்தப் புதிருக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். தலைப்பு 'மேலே கீழே'. ஏணி, கிணறு, வாளி, பட்டம், ஊஞ்சல் என்று ஏறுவதும் இறங்குவதுமான பொருள்கள். குறுக்கே பதினோரு கட்டம், நெடுக்கே பதினோரு கட்டம். நடுவே கருப்புக் கட்டங்கள் கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் வரை ஏழு படிகளாக ஏறின. ஏழு மாடிக்கு ஏழு. கீழ்ப் படிக்குக் கீழே இருந்த வரிசையில் விடை 'படிக்கட்டு', ஆறு கட்டம். அதுதான் புதிரின் முதுகெலும்பு. ஒரு வாரமாக லிஃப்டில் ஏறிய அத்தனை பேரிடமும் அந்தக் குறிப்பைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். எல்லோரும் மேலே போகும்போது விழித்தார்கள், இறங்கும்போது சொன்னார்கள்.

ஏழாவது படிக்கு மேல் தனியாக ஒரு கருப்புக் கட்டம் வைத்திருந்தாள். அது எதற்கு என்று அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேலை செய்கிற வீட்டிலெல்லாம் சொல்லிவிடுவார். முன்பு ஒருமுறை 'பூட்டு' புதிரின் ஏழு விடைகளை, குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டே, வீட்டுக்காரரிடம் ஒப்பித்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் அந்த வாரப் பரிசு வாங்கினார்.

சிறப்பிதழுக்குக் கொடுக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை, லிஃப்டைச் சோதிக்க ஆட்கள் வந்திருந்ததால் பாப்பா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். கிறுக்கலை மேசையில் வைத்து, 'அப்படியே எடுத்துக் குடுத்துடு' என்று ஒரு துண்டுச் சீட்டு. அண்ணன் சாவகாசமாக உட்கார்ந்து கோடு போட்டார். கருப்பு நிரப்பினார். எண் எழுதினார். பிறகு வழக்கம் போலத் தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.

ஏழு படியும் திருப்பினாலும் ஏழு படியாகவே இருந்தது. ஆனால் உச்சியில் இருந்த அந்தத் தனிக் கட்டத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஜோடி இல்லை. பத்தாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவது கட்டம் வெள்ளையாக இருந்தது.

அண்ணன் மூன்று தடவை திருப்பிப் பார்த்தார். இரண்டு மாதம் உழைத்து, பெயர் கிடைக்கப் போகிற நேரத்தில் பாப்பா இதைக் கோட்டை விட்டிருக்கிறாள். அவள் வேலையில் இருக்கிறாள், லிஃப்டுக்குள் போன் கிடைக்காது, கேட்கவும் வழியில்லை. இந்த வீட்டில் ஒருவருக்காவது கண் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, அந்த மூன்றாவது கட்டத்தை அழகாக, ஓரம் பிசகாமல், கருப்பாக நிரப்பினார். மை காய ஊதிவிட்டார். அந்த வரிசையில் என்ன விடை வருகிறது என்று பார்த்திருக்கலாம். விடைத்தாள் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் விடை பார்ப்பது அவர் வேலை இல்லை. அவர் கட்டம் பார்க்கிறவர்.

பத்திரிகையில் கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் பாப்பாவிடம், "ஒரு சின்ன விஷயம் இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டேன்" என்றார். காலையிலிருந்து லிஃப்ட் வாட்டி எடுத்ததில் பாப்பாவுக்குத் தோள்பட்டை கழன்றுபோகிற வலி. "சரிண்ணே" என்று படுத்துவிட்டாள். அந்தப் பத்திரிகையில் அச்சுப் படி அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லும் வழக்கம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய் ஐந்து பிரதி வாங்கி வந்தார். முதலில் பிரித்தது அண்ணிதான். ஒரு கையில் கரண்டி இருந்தது. இன்னொரு கையில் பக்கத்தைப் பிடித்து மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"என்னங்க, படிக்கட்டுக்கு நடுவுல ஒரு சுவர் எழும்பியிருக்கே."

"எங்க?"

"பத்தாவது வரிசையில. குறிப்புல ஆறு எழுத்துன்னு இருக்கு. ரெண்டு கட்டம் இருக்கு, அப்புறம் கருப்பு, அப்புறம் மூணு கட்டம் இருக்கு. எப்படி எழுதுறது?"

பாப்பா பின்னறையிலிருந்து வந்தாள். பக்கத்தைப் பார்த்தாள். ஸ்கேலை எடுத்து அந்தக் கட்டத்தின் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். "இவ்வளவு நேர்த்தியா கருப்படிக்க அச்சாபீஸ்ல ஆள் கிடையாது" என்றாள்.

அண்ணன் தாளையும் ஸ்கேலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். தலைகீழாகத் திருப்பியது, ஜோடி இல்லாதது, மூன்று தடவை பார்த்தது, மை காய ஊதியது வரை.

"அந்த மேல இருக்கிற கட்டத்துக்கு ஜோடி கிடையாதுண்ணே" என்றாள் பாப்பா. "அது ஒரு ஆளு. லிஃப்ட் நின்னுபோச்சு. ஏழு மாடியும் படியேறி வந்துட்டு உச்சியில மூச்சு வாங்கிட்டு நிக்குது."

"யாரு அது?"

"நான்தான். கட்டத்துக்குள்ள ஒரு எழுத்துகூட இல்லாத ஆளு. வேற யாரு?"

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். இழுத்துச் சாத்தியிருந்தால் அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் அண்ணி சாப்பாடு போட்டபோது அண்ணனின் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மற்ற நான்கு பிரதிகளும் பிரிக்கப்படாமலே மேசையில் கிடந்தன.

வியாழக்கிழமை பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து இருவரையும் அழைத்தார்கள் என்று சொல்ல அண்ணனுக்கு ஆசைதான். அழைத்தது பாப்பாவை மட்டும். அண்ணன் தானாகக் கிளம்பினார். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பாப்பா அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

கத்தரியின் மேசை ஜன்னலோரம். அதன் மேல் கடிதங்கள் மூன்று அடுக்காக இருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் படித்தார்: "'பேராசிரியர் ஐயாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய வயது வந்துவிட்டது போலும்.' இந்த மாதிரி அறுபத்துமூணு. போன்ல வந்தது தனி. ஒரு புகார்னு சொன்னேன். நீங்க சிறப்பிதழ் கணக்குல குடுத்திருக்கீங்க."

அண்ணன் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தார். "சார், தப்பு அவங்க மேல இல்ல. அந்தக் கட்டத்தை அடைச்சது நான்."

கத்தரி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஒன்பது வருடமாகத் தாளைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். "நீங்க யாரு?"

"அண்ணன் சார். டைல்ஸ் போடுறேன்."

"டைல்ஸா?"

"தரைக்கும் போடுவேன், சுவருக்கும் போடுவேன் சார்." ஏன் இதைச் சொன்னோம் என்று அண்ணனுக்கு இன்றுவரை தெரியவில்லை. சொல்லும்போதே அந்த அலுவலகத்தின் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் ஒரு வரிசை ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

கத்தரி பாப்பா பக்கம் திரும்பினார். "பேர் விஷயம் முடிஞ்சுது. அதைப் பேச வேண்டாம். இப்ப வாசகருக்கு ஒரு திருத்தம் போடணும். நானே எழுதிட்டேன். 'கடந்த இதழில் நேர்ந்த பிழைக்குப் பேராசிரியர் வருந்துகிறார்.' அவ்வளவுதான்."

"அவரு எதுக்கு சார் வருந்தணும்?" என்றாள் பாப்பா.

"என்னம்மா?"

"அவரு பாட்டுக்குப் பேரன் பேத்தியோட எங்கேயோ இருக்காரு. இந்தப் புதிரைப் பாத்திருக்கக்கூட மாட்டாரு. நல்லா வந்ததுக்கெல்லாம் ஒன்பது வருஷமா அவருக்குப் பாராட்டு போச்சு. அதை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா செய்யாத தப்புக்கு ஒரு மனுஷன் பேர்ல மன்னிப்புக் கேக்கக் கூடாது. அது பொய்."

"அப்ப உங்க அண்ணன் வருந்துறாருன்னு போடவா?"

"போடுங்க சார்" என்றார் அண்ணன் அவசரமாக. உண்மையில் அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. தன் பெயர் அச்சில் வரப் போகிறது.

பாப்பா அந்த விளக்கை ஊதி அணைத்தாள். "அண்ணே, ஒன்பது வருஷமா என் பேருக்கே அங்க இடமில்ல. வர்ற அன்னிக்குப் பக்கத்துல நீயும் வந்து உக்காரணுமா?"

பிறகு கத்தரியின் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காதில் செருகியிருந்த பென்சிலை வைத்துவிட்டு, அவர் பேனாவைக் கேட்டு வாங்கினாள். நின்றுகொண்டே எழுதினாள். இந்த ஒரு தடவை கையெழுத்து கோழி கிளறாமல் வந்தது. எழுதியது இதுதான்:

'சென்ற இதழின் "மேலே கீழே" புதிரில் பத்தாவது வரிசையில் மூன்றாவது கட்டம் கருப்பாக வந்துவிட்டது. அது வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டாவது வரிசையில் தனியாக நிற்கும் கருப்புக் கட்டம் சரியானதே. அவர் அங்கேயே நிற்கட்டும். அந்தப் புதிரை அமைத்தது நான். ஒன்பது வருடமாக இந்தப் பக்கத்துப் புதிர்களை அமைத்து வருவதும் நான். இதைச் சரிபார்க்காமல் வீட்டை விட்டு அனுப்பியது என் தவறு. மன்னிக்கவும்.'

கத்தரி படித்தார். கை தானாகக் கத்தரிக்கோலுக்குப் போனது. "'நான்'னு வர்ற ரெண்டு வரியையும் வெட்டிடலாமே."

"அதை வெட்டினா மன்னிப்பு யாரு கேக்கிறாங்கன்னு இருக்காது சார்."

"இது வந்தா பேராசிரியர் இல்லைன்னு தெரிஞ்சிடும்."

"ஆமா."

"அறுபத்துமூணு பேர் அறுநூறு பேராவாங்க."

"வரட்டும். எல்லாருக்கும் நானே பதில் எழுதுறேன். இல்லைன்னா அடுத்த வாரப் புதிரை நீங்க பேராசிரியர்கிட்டயே வாங்கிக்கங்க. அவரு விலாசம் இருக்கா?"

கத்தரிக்கு விலாசம் தெரியாது. அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தில் அந்த இரண்டு அங்குலம் காலியாக இருந்தது. பின்னால் ஒருவர் வந்து, "அந்தத் திருத்தம் ரெடியா?" என்று இரண்டாவது தடவை கேட்டுவிட்டுப் போனார். கத்தரி தாளைத் திருப்பி, மறுபடி திருப்பி, கடைசியில் கத்தரிக்கோலை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"கீழ கையெழுத்து இல்லையே. கையெழுத்து இல்லாத கடிதத்தை நாங்க போடுறதில்ல" என்றார்.

லிஃப்ட் பதிவேட்டில் பதினாறு வருடமாக பாப்பா போட்டு வந்தது இரண்டு எழுத்துச் சுருக்கம். புதிர்களுக்குக் கீழே அதுவும் கிடையாது. பேனாவை மறுபடி வாங்கிக்கொண்டாள். அண்ணன் எட்டிப் பார்த்தார். தள்ளி நிற்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் தள்ளி நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிற முழுப் பெயரை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். எழுதி முடித்ததும் கடைசி எழுத்து சற்று கீழே இறங்கியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் கோணலாக ஒன்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.

"தேதி" என்றார் கத்தரி.

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். இந்த மாதிரி விஷயங்கள் அவருக்குத்தான் தெரியும். அண்ணன் சொன்னார், அவள் எழுதினாள்: 14 மார்ச் 2013, வியாழக்கிழமை.